எழுபது மீட்டர் கேபிள்

திங்கட்கிழமை காலை பொன்னியம்மாளின் கழுத்தில் இரண்டு கொப்புளங்கள் தெரிந்தன. சாயங்காலத்துக்குள் முதுகெல்லாம் பரவிவிட்டது. அம்மை. சனிக்கிழமை ஊர் சர்ச்சில் அவள் மகன் கிறிஸ்டோபருக்குக் கல்யாணம்.

தேதியைத் தள்ளிப்போட வழியில்லை. அடுத்த வாரம் கிறிஸ்டோபர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான். மணப்பெண் கலாவதியின் அக்காவோ ஏழு மாதக் கர்ப்பிணி. "நான் கோயிலுக்கு வரல. அந்தப் பொண்ணுக்கு எதனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்று பொன்னியம்மாளே முடிவாகச் சொல்லிவிட்டு, உள் அறையில் வேப்பிலை பரப்பிய பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முசரவாக்கம் அங்கன்வாடியில் இருபது வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். சொந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் அவள் மட்டும் இல்லை.

மூத்த மகள் அபிக்கு அது தாங்கவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனதால் அம்மா பக்கத்தில் இருக்க அவளுக்குத் தடையில்லை.

"வீடியோ எடுக்கறாங்க இல்லக்கா, அப்பால பாத்துக்கட்டும்" என்றான் கிறிஸ்டோபர்.

"அப்பால பாத்தா அது வீடியோடா. அந்த நேரத்துல பாத்தாதான் கல்யாணம்."

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் டி.டி.பி. வேலை செய்தாள் அபி. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். வைரஸ் புகுந்து ஒவ்வொரு மாதமும் அது படுத்துவிடவே, போன வருடம், 2007இல், தபாலில் இலவசமாக வரவழைத்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றியிருந்தாள். அதில் பாட்டும் படமும் பார்க்க வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள். அச்சகத்து விண்டோஸ் மெஷினிலும் அதன் சின்னமான அதே ஆரஞ்சுக் கூம்புதான். ஓடுகிற படத்தை அப்படியே இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப, அதன் மெனுவில் 'ஸ்ட்ரீம்' என்று ஒரு வார்த்தை இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அமுக்கிப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் அமுக்கினாள். அச்சகத்தில் இருந்த இரண்டு மெஷின்களுக்கு நடுவே ஒரு கேபிளைப் போட்டு, ஒன்றில் ஒரு படத்தை ஓடவிட்டு, இன்னொன்றில் முகவரியை அடித்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. புதன்கிழமையும் கறுப்புதான். இணையத்தில் தேடியபோது, இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைத்தால் கேபிளின் ஒரு முனையில் வயர்களை இடம் மாற்றிக் கோர்க்க வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமை மாற்றிக் கோர்த்தாள். ஐந்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு படம் அசைந்தது.

அவள் நேராக முதலாளி சக்ரவர்த்தியிடம் போனாள்.

"சார், சனிக்கிழமைக்கு ஒரு மெஷின் வேணும். எங்க ஊருக்கு எடுத்துக்கினு போவணும்."

"கடை மெஷினைக் கல்யாணத்துக்கு எடுத்துண்டு போறேங்கறியா? வழியில ஆட்டோ குலுங்கினா?"

"மடியில வச்சிக்கினு போறேன் சார்."

சக்ரவர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "திங்கட்கிழமை ஒம்போது மணிக்கு அது இங்க இருக்கணும்."

மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரில் நூறு மீட்டர் கேபிள் சுருள் கிடைத்தது. கோயிலிலிருந்து வீட்டுக்கு எழுபது மீட்டர். வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்து மெஷினைக் கோயிலின் ஓரத் தூணருகே ஒரு மேஜையில் வைத்து, வெப்கேமராவைச் செருகினாள். அதிலிருந்து கேபிளைச் சமையல் பந்தலை ஒட்டி, வேலி ஓரமாக இழுத்து, ஜன்னல் வழியே உள் அறைக்குள் விட்டாள். அதற்குள் கோயில் கமிட்டிப் பெரியவர் அப்பாதுரை வந்துவிட்டார்.

"பரிசுத்தமான இடத்துல இது என்னாம்மா டப்பா?"

"எங்கம்மாவுக்குத் தெரியறதுக்கு ஐயா."

"ஆராதனைக்கு எடஞ்சல் ஆச்சின்னா நானே புடுங்கிடுவேன், ஆமா."

முதல் சோதனையில் வீட்டு மெஷின் திணறியது. படம் அசைந்து நின்றது, அசைந்து நின்றது. அபி படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் தெளிவாக வந்தது. அம்மாவின் பாயருகே மானிட்டரை வைத்து, "நின்னுபோச்சின்னா இத்த ஒருவாட்டி அமுக்கு. அப்பவும் வரலன்னா எனக்குப் போன் பண்ணு" என்று காட்டிக்கொடுத்தாள். பொன்னியம்மாள் முகம் காட்டாமலே கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆராதனை தொடங்கியது. அபி ஓரத் தூணருகே பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து வெப்கேமராவைப் பிடித்திருந்தாள். ஜெபம், பாட்டு, பிரசங்கம் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. பாஸ்டர் தாலியைக் கையில் எடுத்தபோது அவள் போன் அதிர்ந்தது.

"அபி, நின்னுபோச்சி. அமுக்கிப் பாத்துட்டேன். வரல" என்றாள் அம்மா.

அபி எழுந்தாள். கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க நடுப்பாதையில் நடந்து பீடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"பாஸ்டர் ஐயா, ஒரு அஞ்சி நிமிசம் நிறுத்துங்க. அம்மாவுக்குத் தெரியல."

சபை சலசலத்தது. அப்பாதுரை முன்வரிசையிலிருந்து எழுந்தார். "என்னாம்மா இது? தாலி கட்டற நேரத்துல!"

கிறிஸ்டோபர் வாயைத் திறப்பதற்குள் முக்காட்டை விலக்கிக்கொண்டு கலாவதி பேசினாள். "பரவால்ல ஐயா, நாங்க நிக்கறோம். நீங்க போய்ட்டு வாங்கண்ணி."

அபி ஓடினாள். கேபிளைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே ஓடினாள். சமையல் பந்தலில் நின்றாள். பிரியாணி அண்டாவைப் புது அடுப்புக்கு மாற்றியிருந்தார்கள். கேபிள் அந்த அடுப்புக்கல்லில் ஒட்டி உருகி அறுந்து கிடந்தது. சமையல்காரரிடம் கத்தி வாங்கி, கருகிய துண்டை வெட்டி எறிந்தாள். மேலுறையைப் பல்லால் கடித்து உரித்தாள். உள்ளே மெல்லிய எட்டு வயர்கள். நான்கு போதும் என்று அவள் படித்திருந்தாள். ஆரஞ்சோடு ஆரஞ்சு, பச்சையோடு பச்சை, கோடு போட்டதோடு கோடு போட்டது. பச்சை ஒருமுறை நழுவியது, மறுபடி முறுக்கினாள். ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே மடக்கி, சமையல்காரரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"இப்ப அமுக்கு."

"அமுக்கிட்டேன்... கறுப்பா கீது." ஐந்து விநாடி. "வந்துடுச்சி! மேஜ தெரியுது. கிறிஸ்டோ காலு தெரியுது."

"அண்ணே, உட்றாதீங்க" என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு அபி திரும்ப ஓடினாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேமராவை உயர்த்திப் பிடித்து, பாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கிறிஸ்டோபர் தாலி கட்டினான். சபை கைதட்டியது. அபி போனில் காத்திருந்தாள். படம் போய்ச் சேர ஐந்து விநாடி ஆகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள். ஐந்தாவதில் அந்தப் பக்கத்திலிருந்து ஒற்றை ஆளின் கைதட்டல் கேட்டது. பிறகு அழுகை.

அப்பாதுரை பந்தியில் பிரியாணி அடிபிடித்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். அடுப்பை விட்டுவிட்டு வயரைப் பிடித்துக்கொண்டிருந்த சமையல்காரர் அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார். திங்கட்கிழமை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்பே மெஷின் அச்சகத்தில் இருந்தது.

கிறிஸ்டோபர் மஸ்கட் கிளம்புவதற்கு முந்தின நாள் பொன்னியம்மாளுக்குக் கொப்புளமெல்லாம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தவள் முதலில் மருமகளின் கன்னத்தைத் தடவினாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"ஏன்டி, எல்லாரையும் பாத்தேன். அந்த அப்பாதுர மொறச்சிக்கினு நின்னதக்கூடப் பாத்தேன். உன்னத்தான் ஒரு எடத்துலயும் காணல."

"நான்தானம்மா புடிச்சிக்கினு இருந்தேன்."

பொன்னியம்மாள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தப் பட்டுச் சேலைய எடுத்துக் கட்டு. கிறிஸ்டோ, ஆட்டோ கூட்டிக்கினு வாடா. நாலு பேரும் ஸ்டூடியோவுக்குப் போறோம்."

"சேலையில அடுப்புக்கரி ஒட்டிக்கினு இருக்குதும்மா."

"இருக்கட்டும். கட்டு."