அத்தாவுக்கும் நவாபுக்கும் ஒரே மருந்து

கோடைக்கானல் கடைத்தெருவில் என் அத்தா பிச்சை முகம்மது பழக்கடை வைத்திருந்தார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். அத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் போடச் சொல்லியிருந்தார் டாக்டர் தண்டாயுதபாணி. ஊசியைக் கண்டாலே அத்தா, "கடைல சோலி கெடக்கு" என்று நழுவிவிடுவார். அம்மா சபுரா கெஞ்சினாள், அழுதாள். பலனில்லை.

அப்போதுதான் எங்கள் பூனை நவாபு இளைக்கத் தொடங்கியது. அத்தாவின் மடியிலேயே கிடந்து, அவர் பால்சோற்றில் பங்கு கேட்டு வளர்ந்த பூனை. எவ்வளவு தின்றும் எலும்பு தெரிந்தது. தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகரவில்லை. பின்னங்கால்கள் தளர்ந்து, குதிகால் தரையில் பட நடந்தது. அது ஒன்றுக்குப் போகும் சாம்பல் தட்டில் எறும்பு மொய்ப்பதை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏங்க, இதுக்கும் உங்க சீக்குதாங்க!"

அம்மா சாம்பலைக் கொட்டிவிட்டு வெறும் தட்டை வைத்தாள். அதில் கிடைத்ததைச் சீசாவில் எடுத்துக்கொண்டு அத்தாவே டாக்டரிடம் ஓடினார். டாக்டர் அதை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறமாகிவிட்டது; சர்க்கரை இருப்பது உறுதி.

"நான் மனுசங்களுக்குத்தான் வைத்தியம் படிச்சிருக்கேன், பாய். துளியூண்டு மருந்து போட்டுப் பாப்போம். பாலுஞ்சோறும் வேணாம், கறியும் மீனும் குடுங்க. சாப்பிட்ட பெறகுதான் ஊசி. தள்ளாடுச்சுன்னா சீனித்தண்ணிய ஈறுல தடவுங்க."

மறுநாள் காலை அம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தாவைப் பார்த்தாள். "மருந்து உங்க பேர்ல வருது. நீங்க போட்டுக்கிட்டாத்தான் அதுக்கும் போடுவேன்."

அத்தா நவாபைப் பார்த்தார். சட்டைக் கையை மடக்கினார்.

ஒரு மழைநாளில் நவாபு சரியாகச் சாப்பிடாததை அம்மா கவனிக்கவில்லை. ஊசி போட்டபின் அது நடுங்கிச் சரிந்தது. அத்தா அதை மடியில் போட்டு, விரலால் சீனித்தண்ணீர் தடவிக்கொண்டே இருந்தார். "எந்திரிடா ராசா, எந்திரி." அது தலைதூக்கிக் கத்திய பிறகுதான் கடையைத் திறக்கப் போனார்.

அடுத்த கோடையில் நவாபு பழையபடி அலமாரி மேல் தாவியது. டாக்டரின் நீல மருந்து நிறம் மாறவேயில்லை. அவர் அதன் ஊசியைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிட்டார்.

"ஏலே, ஒனக்கு மட்டும் நின்னுபோச்சா?" என்று அத்தா சிரித்தார்.

நவாபு பல வருடம் இருந்துவிட்டு மூப்பில் போனது. கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் அத்தாவே குழி வெட்டினார். அன்று காலையும் அவர் ஊசியைத் தவறவிடவில்லை.