தனி அறை உண்டா

நோய் வந்த வருடம் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்ப்பதுதான் என் வேலை. கையில் ஒரு வெப்பமானி, ஒரு கட்டு படிவம். படிவத்தில் பதினான்கு கேள்விகள். ஏழாவது கேள்வி: ‘நோயாளிக்குத் தனி அறை உண்டா? ஆம் / இல்லை.’ இதை எழுதிய மகராசன் எங்கள் லைன் வீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால், இப்போது நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

லைன் வீடு என்றால் எதிரெதிரே இருபது இருபதாக நாற்பது அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். சமையல், படுக்கை, படிப்பு, சண்டை எல்லாம் அதற்குள்தான். அத்தனை பேருக்கும் ஒரே குழாய், நான்கு கழிப்பறை. நடுவில் இருக்கும் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். என் அண்ணனும் அண்ணியும் இரண்டு பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். பெரிய சாலையைத் தாண்டினால் எதிர்த் தெரு. அங்கே கார் தூங்குவதற்கே ஓர் அறை உண்டு.

‘ஆம்’ என்று எழுதினால் நோயாளி வீட்டிலேயே இருக்கலாம், நாளுக்கு ஒரு முறை தொலைபேசியில் விசாரிப்பார்கள். ‘இல்லை’ என்றால் விளையாட்டு அரங்கத்தில் போட்டிருந்த முகாமுக்கு வண்டியில் ஏற்றிப் போவார்கள். முதல் வாரம் லைனிலிருந்து மூன்று பேரை ஏற்றினார்கள். மூன்று பேருமே மூச்சு முட்டின பிறகு போனவர்கள். ஒருவரும் திரும்பவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. அதற்குப் பிறகு முகாம் என்றாலே லைன் முழுக்கக் குலை நடுங்கியது.

அடுத்த வாரம் போனால், காய்ச்சல் கண்ட வீட்டிலெல்லாம் தனி அறை முளைத்திருந்தது. குறுக்கே ஒரு கயிறு, கயிற்றில் ஒரு போர்வை. “இந்தப் பக்கம் சீக்காளி, அந்தப் பக்கம் நாங்க. ரூம்தானே இது?” என்றார்கள். மூன்றாவது வீட்டில் தொங்கிய நீலப் போர்வையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. முதல் வீட்டிலும் அதே தழும்பைப் பார்த்திருந்தேன். நான் இரண்டாவது வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது போர்வை எனக்கு முன்னால் ஓடியிருக்கிறது! சிரித்துவிட்டேன். அவர்களும் சிரித்தார்கள். சிரித்த கையோடு ‘ஆம்’ என்று எழுதினேன். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

பத்தாம் நாள் அண்ணிக்குக் காய்ச்சல். அண்ணன் வாசலிலேயே என்னை மடக்கினான். அவன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன்.

“ஆம்னு போட்டுடும்மா. அங்க அனுப்பிட்டா அவளை நான் திரும்பப் பாக்க முடியாது.”

போர்வைக்குப் பின்னாலிருந்து அண்ணி இருமிக்கொண்டே சொன்னாள்: “போடுங்க நாத்தனாரே. எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. எனக்கு இன்னைக்குத்தான் கெடைச்சிருக்கு.”

“வாயக் குறைங்க அண்ணி, மூச்சு வாங்குது பாருங்க” என்று அதட்டிவிட்டு ‘ஆம்’ என்று எழுதினேன்.

அந்த மூச்சை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

தினமும் தொலைபேசியில் “எப்படி இருக்கீங்க?” என்று ஒரு குரல் கேட்கும். “பரவாயில்ல” என்பாள் அண்ணி. அவள் எதற்குத்தான் வேறு பதில் சொல்லியிருக்கிறாள்? கழிப்பறை வரிசையில் நிற்க முடியாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆறாம் நாள் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் சந்துக்குள் வராது. நாற்காலியில் உட்கார வைத்து அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் சாலைவரை தூக்கிப் போனார்கள். மறுநாள் காலையில் போய்விட்டாள். அதே வாரம் முகாமிலிருந்து வேறு பேட்டைக்காரர்கள் குணமாகி நடந்தே வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஆக்சிஜன் இருந்தது. மணிக்கு ஒரு தரம் விரலில் கருவி மாட்டிப் பார்க்க ஆள் இருந்தது. தாமதமாகப் போனவர்கள்தான் செத்தார்கள். இதை லைனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான். நான் போர்வையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நோய் சற்றுத் தணிந்ததும் அலுவலகத்தில் கூட்டம். எங்கள் அதிகாரிக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். எதற்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். லைனில் பதினொரு சாவு. அதே அளவு ஜனம் இருக்கிற எதிர்த் தெருவில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு பக்கமும் எல்லாருக்கும் தனி ரூம் இருந்திருக்கு. முதல் வாரத்து மூணு பேரத் தவிர்த்தா, ஏழாவது கேள்வியில ஒரு ‘இல்லை’கூட இல்ல. அப்ப இட நெருக்கடி காரணம் இல்ல. இவங்களுக்கு ஒழுங்கு பத்தல, அவ்வளவுதான். அந்தப் பூட்டுன கட்டடத்தத் திறக்கணும்னு ஒரு மனு வந்துச்சே, அது தேவையில்ல. சுவரொட்டி அடிச்சு ஒட்டுங்க.”

அடுத்த அலை வருமுன் நோயாளிகளைத் தங்க வைக்கத்தான் லைனுக்குப் பின்னாலிருந்த அந்தக் கட்டடத்தை லைன் ஆட்களும் நானுமாகக் கேட்டிருந்தோம். தண்ணீர் குடிக்கவே பயந்து செத்தவளுக்கு ஒழுங்கு பத்தவில்லையாம்!

“சார், அத்தனையும் பொய். அங்க ஒரு வீட்டுலயும் ரூம் கிடையாது. நான்தான் பொய்யா எழுதினேன்.”

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். “தெரிஞ்சுதான் பேசுறியா? உன் வேலை போயிடும்.”

“போகட்டும் சார்.”

“திருத்தணும்னா வீட்டுக்கு வீடு கையெழுத்து வேணும்.”

முதலில் அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். சொந்த வீட்டை விட்டுவிட்டு ஊராரிடம் போய் நிற்க எந்த முகத்தோடு முடியும்? அண்ணன் படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“கல்யாணமான நாள்லேர்ந்து கதவு வச்ச ரூம் ஒண்ணு கேட்டா. கட்டித் தர்றேன், கட்டித் தர்றேன்னே காலத்த ஓட்டிட்டேன். இந்தக் காகிதத்துலயாவது அவளுக்கு ஒரு ரூம் இருந்துட்டுப் போகட்டுமே. அதையும் ஏம்மா பிடுங்குற?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டே அழுதேன். பிறகு சொன்னேன்: “அண்ணா, உன் பொண்ணுங்க ரெண்டு பேரும் இதே தரையிலதான் படுக்குதுங்க. மறுபடி வந்தா எங்க கொண்டுபோய் வைப்ப?”

சின்னவள் மூலையில் மூக்கை உறிஞ்சினாள். வெறும் சளிதான். ஆனாலும் அண்ணன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பேனாவைக் கேட்டான். கையெழுத்துப் போட்டுவிட்டு, “இல்லைன்னு நீயே எழுதிக்க. எனக்குக் கை வராது” என்றான்.

எழுதினேன். எழுந்து செருப்பை மாட்டும்போது அவன் கேட்டான்:

“அன்னைக்கே அனுப்பியிருந்தா பொழைச்சிருப்பாளா?”

“தெரியலண்ணா” என்றேன்.

எனக்குத் தெரியும். நான் தலை நிமிராததைப் பார்த்து அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். “சரி, பாத்துப் போ” என்றான்.