யோசப்பினின் கால்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷத்துப் பாஸ்காப் பண்டிகைப் பலகாரம் ஒன்றும் மேபலின் தொண்டையில் இறங்கவில்லை. பண்டிகை முடிந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, சீமையிலிருந்து வரும் துரை ஒருவர் கண்டியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பியானோப் பரீட்சை வைக்கப் போகிறார். பத்து வயது மகள் யோசப்பின் அதில் தேற வேண்டும். தேறாவிட்டால் பியானோ வகுப்பில் அவளுக்கு இடமில்லை. இருப்பதே ஆறு இடம். பதினொரு பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பியானோ பழகி யார் வீட்டில் உலை கொதித்தது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். யோசப்பின் வீட்டுக்குள் ஓயாமல் பேசுவாள். படி தாண்டினால் வாயில் பூட்டு. நாலு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவள் குரலைக் கேட்டதில்லை. மக்கு என்று கடைசி வாங்கில் உட்கார்த்திவிட்டார்கள். போன வருஷம்தான் பியானோ பழக்கும் கன்னியாஸ்திரி மதர் பெர்னதெத் அவளைப் பியானோ முன்னால் இருத்தி, சத்தமாக எண்ணிக்கொண்டு வாசிக்கச் சொன்னார். மூன்றாம் வாரம் “ஒன், டூ, த்ரீ” என்று கேட்டும் கேட்காததுமாக ஒரு குரல் வந்தது. நத்தார்ப் பண்டிகைக்குள், இடாப்பில் பேர் கூப்பிடும்போது “பிரசன்ட்” சொல்லிவிட்டாள். அன்று மேபல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வகுப்புப் போனால் இந்தக் குரலும் போய்விடும் என்ற பயம்தான் இப்போது அவளைப் பிடித்து ஆட்டியது.

மேபலின் புருஷன் கிளறன்ஸ் நகரசபைக் கிளாக்கர். அவர் வீட்டில் பியானோ ஏது? மாதா கோவில் ஆர்மோனியத்தில் பழக மேபல் பங்குச் சுவாமியிடம் அனுமதி வாங்கினாள். பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிப்போய், பக்கத்தில் கதிரை போட்டு அரை மணி நேரம் காவல் இருப்பாள். சங்கீதம் அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் அது காலால் மிதித்துக் காற்றடிக்கிற பெட்டி, மிதி நின்றால் சத்தம் படுத்துவிடும் என்பது தெரியும். தெரிந்த அந்த ஒன்றையே ஓயாமல் சொன்னாள்.

“கால நிப்பாட்டாத பிள்ள. கால் நின்னா பாட்டு செத்துப்போகும்.”

பெரிய வியாழன் பூசையோடு கோவிலில் மணியும் ஆர்மோனியமும் ஓய்ந்தன. பாஸ்கா வரை அவற்றைத் தொடக் கூடாது. மேபல் விடுவாளா? சாப்பாட்டு மேசையில் வெண்கட்டியாலும் கரித்துண்டாலும் பியானோக் கட்டைகளைக் கீறி, அதில் வாசிக்க வைத்தாள். விரல்கள் ஒழுங்காக ஓடின. மேசைக்கு அடியில் குனிந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஒத்திகை, பரீட்சை நடக்கும் மண்டபத்திலேயே. வகுப்பறைப் பழைய பியானோவின் கால்மிதிகள் எப்போதோ கழன்றுபோனவை. மண்டபத்துப் பியானோவில் அவை சரியாக இருந்தன. யோசப்பின் வாசிக்கத் தொடங்கியதும் கால்கள் இரண்டும் மாறி மாறி மிதித்தன. ஒரு சத்தம் அடங்குமுன் அதன்மேல் அடுத்தது, அதற்குமேல் இன்னொன்று. சந்தை இரைச்சல்தான்.

“நிறுத்து!” என்றார் மதர். “மேபல், பியானோவுக்கு யாரும் காத்தடிக்கத் தேவையில்ல. வலது மிதிய மிதிச்சா சத்தம் அடங்காம நிக்கும். இப்பிடிப் போனா இவ தேற மாட்டா.”

யோசப்பின் கால்களை நிறுத்தினாள். கைகளும் நின்றுபோயின. நாலு தடவை முயன்றும் அதே கதை. சொல்லிச் சொல்லிப் பழக்கியது அவள்தானே!

செவ்வாய் முழுக்க வீடு போர்க்களம். மேபல் பிள்ளையின் கால்களை ரிப்பனால் கதிரையோடு கட்டினாள். பிள்ளை மேசைக் கோடுகளைப் பார்த்தபடி கல்லாக இருந்தாள். அவிழ்த்துவிட்டால் கால்கள் மறுபடி மிதித்தன. கெஞ்சினாள், கத்தினாள், கடைசியில் தொடையில் ஓர் அடியும் வைத்தாள். யோசப்பின் அழவில்லை. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

கந்தோர் வேலை முடிந்து வந்த கிளறன்ஸ் இருவரையும் பார்த்தார். “பரீட்சைக்குப் போறது அவளா, நீயா? விடு மேபல்.”

“விட்டா என்னாகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். இப்ப நீயே அவ வாயப் பூட்டிட்டியே.”

மேபல் ரிப்பனைச் சுருட்டி வைத்தாள். அன்று தாயும் மகளும் சோற்றைத் தொடவில்லை.

புதன் காலை யோசப்பின் உள்ளே போக, மண்டபக் கதவைச் சாத்தினார்கள். மேபல் வெட்கத்தை விட்டுக் கதவோடு காதை ஒட்டிக்கொண்டாள். பக்கத்தில் மதரின் விரல்கள் செபமாலையை உருட்டின. துரையின் கட்டைக்குரல் ஏதோ சொன்னது. வாசிப்புத் தொடங்கி, நாலாம் எண்ணிக்கைக்குள் இரைச்சலாகி நின்றது. மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. அதன்பின் உள்ளே ஒரு அசைவும் இல்லை. மேபலின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று.

மதர் அதைப் பிடித்து நிறுத்தினார். “நீங்க உள்ள போனா பரீட்சையே செல்லாது.”

அப்போது உள்ளே ஒரு குரல் கேட்டது. ஆங்கிலத்தில், திக்காமல், சத்தமாக.

“சேர், நான் காலை மடித்து உட்காரலாமா? கால் கீழே இருந்தால் சும்மா இருக்காது.”

யார் பிள்ளை இவ்வளவு துணிச்சலாகப் பேசுகிறது என்றுதான் மேபல் முதலில் நினைத்தாள். பிறகுதான் அது தன் மகளின் குரல் என்று தெரிந்தது.

இருக்கை கிரீச்சிட்டது. பாட்டுத் தெளிவாகக் கிளம்பி, எங்கும் தடுக்காமல் முடிவுவரை போனது. மதர் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தார்.

“இயேசுவே! சப்பாத்தக் கழட்டிட்டுச் சம்மணம் போட்டு உக்காந்திருக்கா!”

“தேறுவாளா, மதர்?”

“உக்காந்த முறைக்கு மார்க் போகும். ஒண்ணும் சொல்லத் தெரியல.”

தேறினாள் என்ற கடிதம் வர ஆறு வாரம் சென்றது. தேறுவதற்கான ஆகக் குறைந்த மார்க்கில்தான் தேறியிருந்தாள், என்றாலும் இடம் நிலைத்தது. ஆனால் அந்தப் புதன்கிழமை அது ஒருவருக்கும் தெரியாது. யோசப்பின் சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். மேபல் குனிந்து கட்டிக்கொள்ளப் போனாள். பிள்ளை ஓர் அடி பின்னால் நகர்ந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அம்மா, இனிப் பழகுறப்பவும் நீங்க பக்கத்துல உக்காந்துக்கோங்க. ஆனா ஒண்ணும் சொல்லாதீங்க.”

மேபல் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.