கனடா மெஷின்

கோட்டுச்சேரியில் ஷந்தால் வீட்டுக்கு வெளிநாட்டுப் பெட்டி வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரியாமல் போய்விடுமோ என்று அவளே வாசலில் நின்றுதான் பிரிப்பாள். பிரான்சிலிருந்து மிக்சி, இஸ்திரிப்பெட்டி, காபி மெஷின் என்று எத்தனையோ வந்தாயிற்று. பிளக்கின் பின் மட்டும்தான் வேறு. காரைக்கால் கடையில் ஓர் அடாப்டர் வாங்கிச் சொருகினால் ஓடும். ஒன்றுகூடச் சண்டித்தனம் செய்ததில்லை. அதனால் கரண்டைப் பற்றிய அவள் அறிவு அடாப்டரோடு நின்றுவிட்டது.

இந்த முறை பெட்டி கனடாவிலிருந்து வந்தது. மகள் ஓரேலி பாரிசை விட்டு அங்கே போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா ரேமோனின் மூச்சிரைப்புக்கு நெபுலைசர் அனுப்பியிருந்தாள். கூடவே செங்கல் கனத்தில் ஒரு கறுப்பு டப்பா.

"ஸ்டெபிலைசரா இருக்கும். நமக்கெதுக்கு?" என்று ஷந்தால் அதைக் காற்றில் அடிக்கும் வாசற்கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். மில் மாதிரி சத்தம் போடும் பழைய உள்ளூர் நெபுலைசரை எதிர்வீட்டுப் பங்கஜவல்லிக்குத் தூக்கிக் கொடுத்தாள். கொடுத்த தோரணையைப் பார்த்தால் வீட்டையே எழுதிவைத்தது போலிருந்தது.

"ஒங்க வூட்டுக்காரருக்கும் இழுப்புதானே, வச்சிக்க."

பங்கஜவல்லி வாங்கிக்கொண்டாள். புதுசையும் ஒரு பார்வை பார்த்தாள். "பின்னு தட்டையா இருக்கே மதாம். ஒங்களுது உருண்டையாத்தானே வரும்?"

"பின்னு மாத்த எனக்கே சொல்லித்தர்றியா பங்கஜம்?"

மறுநாள் சாயங்காலம் மழைக்காற்று. ரேமோனுக்கு நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. ஷந்தால் புது மெஷினை அடாப்டரில் சொருகி, மருந்தை ஊற்றி, முகமூடியை மாட்டிவிட்டு, சுவிட்சைப் போட்டாள். மெஷின் அலறியது.

"ஃபாரின் மெஷின். வேகமாத்தான் இருக்கும்" என்றாள்.

வேகத்தோடு தீய்ந்த வாடையும் வந்தது. குழாய் வழியாகப் புகை நேரே முகமூடிக்குள் ஏறியது. ரேமோன் அதைப் பிய்த்தெறிந்தார். இருமினார். பிறகு இருமவும் மூச்சில்லை. உதடு கறுத்தது. ஷந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுச் செருப்பில்லாமல் தெருவைக் கடந்தாள்.

எதிர்வீட்டில் பழைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகமூடி பங்கஜவல்லியின் புருஷன் வைத்தியலிங்கத்தின் முகத்தில் இருந்தது.

"பங்கஜம், அவருக்கு மூச்சு..." கை மெஷினைக் காட்டியது.

பங்கஜவல்லி புருஷனைப் பார்த்தாள். அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு மெஷின். வைத்தியலிங்கம் தானே முகமூடியைக் கழற்றினார்.

"கொண்டு போங்க மதாம். நான் சமாளிச்சிக்கிறேன்."

பழைய இரைச்சல் வீட்டை நிறைத்தபோது ரேமோனின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து ஓரேலி போனில் கூப்பிட்டாள்.

"என்னம்மா இவ்ளோ சத்தம்? புது மெஷின் போடலியா? இங்க கரண்டு வோல்டேஜ் ஒங்க ஊர்ல வர்றதுல பாதிதாம்மா. அதுக்குத்தான் அந்தக் கறுப்பு டப்பா, ட்ரான்ஸ்பார்மர். அதுல சொருகித்தானே போடணும்?"

ஷந்தால் வாசலைப் பார்த்தாள். டப்பா கதவை அசையவிடாமல் பிடித்திருந்தது. திறந்த கதவு வழியே எதிர்வீட்டிலிருந்து வைத்தியலிங்கத்தின் இருமல் வந்தது; நின்றது; மறுபடி வந்தது. ரேமோனின் மருந்து இன்னும் பாதிகூடத் தீரவில்லை.