நாகவல்லியின் பத்தியச் சாப்பாடு

காரைக்குடியில் கறிச்சாப்பாட்டு மெஸ் நடத்தும் ஈஸ்வரனுக்கு ஒன்றரை மாதமாக இரண்டு அடுப்பு. விடிகாலையில் நாச்சியாபுரத்து வீட்டில் மனைவி நாகவல்லிக்கு. ஏழு மணிக்கு மேல் மெஸ்ஸில் ஊராருக்கு.

சர்க்கரையும் கொழுப்பும் ஏறி அவள் மயங்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. கறி, முட்டை, பால், நெய் எதுவும் வேண்டாம், காயும் பயறும் கீரையுமாகக் கொடுங்கள் என்றார் டாக்டர்.

சமைப்பதைவிட யோசிப்பதுதான் ஈஸ்வரனை அலுக்க வைத்தது. நேற்று தட்டைப்பயறு என்றால் இன்றைக்குக் கொள்ளா, மொச்சையா? காலையில் கேழ்வரகுக் கூழ் கொடுத்தால் மதியத்துக்கு என்ன? பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும் இதே நினைப்பு.

அன்று மாலை நாலு மணிக்கு வீடு திரும்பினால், மதியச் சோறு வைத்தபடியே இருந்தது.

"ஏன் திங்கல?"

"பிடிக்கல."

கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "விடிய எந்திரிச்சு ஆக்கி வச்சிட்டுப் போறேன் வல்லி. இன்னும் என்னதான் செய்யச் சொல்றே?"

"ஒரு நாளாச்சும் இதை நீங்க தின்னு பாத்தீகளா?"

மெஸ்ஸில் ஒவ்வொரு குழம்பையும் உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்காமல் பந்திக்கு அனுப்பமாட்டான் ஈஸ்வரன். இங்கே அதைச் செய்ததே இல்லை. மருந்துக்கு என்ன ருசி என்று இருந்துவிட்டான். தட்டை இழுத்து ஒரு கவளம் வாயில் வைத்தான். பயறு வேகவில்லை. கீரையில் மண் நறநறத்தது.

"வாயில வைக்க முடியலையே. சொல்லியிருக்கலாம்ல?"

"கண்ணு செவந்து போயி நிக்கிறீக. உங்ககிட்ட என்னத்தைச் சொல்ல?"

அவன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தான். நாகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். உப்பைக் கூட்ட வேண்டாம், மிளகும் சீரகமும் வறுத்து அரைத்துப் போட்டால் போதும். பயறை முதல் நாளே ஊறப்போட வேண்டும். கீரையை நாலு தண்ணீரில் அலச வேண்டும். அப்படியே நாளைக்கு என்ன, மறுநாளைக்கு என்ன என்று ஞாயிற்றுக்கிழமை வரை சொல்லி முடித்தாள். இதையெல்லாம் இனி தான் யோசிக்க வேண்டியதில்லை என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சுடச்சுட இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். அவள் இரண்டாம் முறை குழம்பு கேட்டாள்.

அடுத்த மாத ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. இன்னும் ஆறு மாதம் இப்படியே போகட்டும் என்றார் டாக்டர்.

"ஆறு மாசமா" என்றாள் நாகவல்லி, வெளியே வந்ததும்.

ஈஸ்வரன் பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனான்.