பத்து சென்டிமீட்டர் கோடு

ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது கோடு ஒன்பது சென்டிமீட்டர் ஏழு மில்லிமீட்டர்தான் இருந்தது. ஜூலியாக்கா என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு என் காதைப் பார்த்தபடி நின்றாள். கண்ணில் புரை முற்றியவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

“பத்து இருக்கா பிரிஸி?”

“இருக்குக்கா.”

கோட்டின் பக்கத்தில் பேனாவால் ‘ஜூ’ என்று போட்டாள். அளந்தவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் பிரிண்ட் கடையிலிருந்து ஒரு தாளும் வெளியே போகாது. அந்தக் கோட்டை ஆரம்பித்து வைத்ததும் அவள்தான். எந்தப் படத்தைச் சுருக்கினாலும் சரி, பெருக்கினாலும் சரி, கடைசியில் மூலையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுவாள். அச்சாகி வந்த தாளில் அந்தக் கோடு பத்து இருந்தால் மற்றதெல்லாம் சரி. பன்னிரண்டு வருஷமாக அது பிசகியதில்லை.

அன்று வந்திருந்தது ஸ்ரீஹர்ஷா சாரின் வேலை. இந்திரா நகரில் சொந்த வீடு, மொட்டை மாடியில் ஓர் அறை, அறை முழுக்க ரயில். பொம்மை ரயில் என்று சொன்னால் முகம் சுருங்கும், மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். ரயிலுக்குப் பக்கத்தில் நிற்க ஸ்டேஷன், கூட்ஸ் ஷெட், சிக்னல் அறை எல்லாம் வேண்டுமே. வெளிநாட்டில் யாரோ வரைந்த காகிதக் கட்டடங்களை நெட்டில் வாங்கி எங்களிடம் அனுப்புவார். அவர்கள் வரைவது நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. இவருடைய ரயில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அதனால் ஒவ்வொரு தாளையும் எண்பத்தேழு சதவீதச் சொச்சத்துக்குச் சுருக்கி, கெட்டி அட்டையில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அவர் வெட்டி, மடித்து, ஒட்டிக்கொள்வார். செங்கல்லுக்குச் செங்கல் தெரியும். ஒரு செங்கல்லுக்கும் எடை கிடையாது.

எடையுள்ள செங்கல் எனக்குத் தெரியும். சர்ஜாபூர் ரோட்டில் எழும்பிய அடுக்குமாடிகளுக்கு அம்மா கலவை சுமந்தாள். பதினாறு வயதில் நானும் சுமந்தேன். உச்சந்தலையில் சட்டி உட்கார்ந்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை, கிளிப் போட்டு மறைத்துக்கொள்கிறேன். மர்பி டவுனில் எங்கள் சந்திலேயே குடியிருக்கும் ஜூலியாக்காதான் என்னை அங்கிருந்து பிடுங்கி அல்சூருக்கு, இந்தக் கடைக்குக் கொண்டுவந்தாள். “பொண்ணு அளவு புரிஞ்சவ, கண்ணா. எடுத்துக்கோ” என்று முதலாளி கண்ணாவிடம் சொன்னாள். கடையில் ஏசி உண்டு. அது மிஷினுக்காக. ஆனாலும் காற்று என் மேலும்தான் படுகிறது.

நாலு மாதத்துக்கு முன் அவள் என்னிடம் சொன்னாள், “எழுத்தெல்லாம் பனி மாதிரி தெரியுதுடி. ஆபரேசன்னா லீவு கேக்கணும், கண்ணாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே கணக்கு முடிச்சிடுவான். நீ பாத்துச் சொல்லு, போதும்.” அன்றிலிருந்து அவளுடைய கோட்டை நான்தான் படித்தேன்.

மிஷினை ஓட்டுவது மட்டும் கைப்பழக்கத்தில் நடந்தது. தாளுக்குள் அடங்கும்படி மிஷினே படத்தைச் சுருக்கிக்கொள்ளும் ஒரு வசதி உண்டு. திரையில் அதை அணைக்கிற கட்டம் எங்கே இருக்கிறது என்று அவளுடைய விரலுக்குத் தெரியும், எழுத்தைப் படிக்க வேண்டாம். கோடு குறைந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சர்வீஸ்காரன் வந்து புது சாஃப்ட்வேர் போட்டுவிட்டுப் போனான். கட்டம் இடம் மாறிவிட்டது. ஜூலியாக்கா பழைய இடத்தில் தட்டிவிட்டுப் பிரிண்ட் கொடுத்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முந்தின நாள்தான் கண்ணா சொல்லியிருந்தான், “அடுத்த மாசத்துலருந்து ஒரு ஆளு போதும். யாருன்னு பாத்துக்கலாம்.”

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஸ்ரீஹர்ஷா சார் ஒரு தட்டில் கூட்ஸ் ஷெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. கூரை மட்டும் ஒரு பக்கம் தொங்கியது.

“ஏன்ரி கண்ணா இது? ரைட் சைடு சுவர் போன மாசம் அடிச்சது. லெஃப்ட் இது. முப்பது சென்டிமீட்டர் சுவர்ல ஒம்பது மில்லிமீட்டர் கம்மி. லீவு போட்டு ஒட்டினேன்ரி. ஞாயித்துக்கிழமை எக்ஸிபிஷன்.” கன்னடம் கலந்த தமிழில்தான் கேட்டார், கத்தவில்லை. வெட்டியது போக மிச்சமிருந்த தாளையும் கொண்டுவந்திருந்தார். கண்ணா மூலையில் ஸ்கேலை வைத்தான்.

“ஒம்பது ஏழு. ஜூலியாக்கா, கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு? எதப் பாத்து கையெழுத்துப் போட்ட?”

அவள் என் பக்கம் திரும்பினாள். இந்த முறை சரியாக என் கண்ணைப் பார்த்தாள். இவதான் பாத்துச் சொன்னா என்று சொல்லலாம். நீ ஏன் பாக்கல என்று கண்ணா கேட்பான். அவள் சொல்ல மாட்டாள் என்பதை நான் அந்தச் செவ்வாய்க்கிழமையே யோசித்துவிட்டேன்.

“அவசரத்துல பாக்காமப் போட்டுட்டேன் கண்ணா.”

கண்ணா வேறொரு தாளை எடுத்து, ஒரு ஜன்னல் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அவள் பக்கம் தள்ளினான்.

“இது எவ்ளோ? படி.”

குனிந்தாள். மூக்கு தாளில் இடித்தது. தலையை லேசாக என் பக்கம் சாய்த்தாள். நாலு மாதப் பழக்கம் அது. நான் காதோரம் முணுமுணுப்பேன், அவள் உரக்கச் சொல்வாள். இரண்டரை என்று எனக்குத் தெரிந்தது. நான் மிஷினில் தாள் அடுக்கப் போனேன்.

“சரி விடுங்க, ரீபிரிண்ட் குடுத்தா போதும்” என்றார் ஸ்ரீஹர்ஷா சார், யார் முகத்தையும் பார்க்காமல்.

“குருட்டுக் கண்ண வச்சுக்கிட்டு இத்தினி நாளா என்னிய ஏமாத்திருக்க. பைய எடுத்துக்கோக்கா” என்றான் கண்ணா.

டிபன் பாக்ஸை அவள் தடவித் தடவித் தேடினாள். அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் வெளியே போனதும் நான் புதுக் கட்டத்தைச் சரியாக அணைத்து, இடது சுவரை மறுபடி அச்சடித்தேன். கோடு பத்து. பக்கத்தில் ‘பி’ என்று போட்டேன். பேனா அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சந்துக்குள் வந்தேன். வேறு வழி கிடையாது, அவள் வாசலைத் தாண்டித்தான் என் வீடு. படியில் உட்கார்ந்து முறத்தில் ரேஷன் அரிசியை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். என் தோளுக்கு மேல் எங்கேயோ பார்த்தாள்.

“யாரும்மா அது? இதுல கல்லு கெடக்குதா, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.”

முறத்தை என் பக்கம் நீட்டினாள். கறுப்பாக மூன்று கற்கள் கிடந்தன. வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.