நானூறு காற்று

ஞானதுரைக்கு இரண்டு பிழைப்பு. வருஷத்தில் எட்டு மாதம் தேனி மாவட்டத்துப் போர்வெல் வண்டிகளின் கம்ப்ரஸர்களுக்கு வைத்தியம் பார்ப்பார். மீதி நாலு மாதம் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் ஒப்பந்த மெக்கானிக். சுற்றிலும் மலை நிற்கிற ஊரில் பிறந்த மனுஷன் கடலுக்கு எப்படிப் போனார் என்று யாராவது கேட்டால், "கம்ப்ரஸருக்கு மலை என்ன, கடல் என்ன? ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரிதான் மக்கர் பண்ணும்" என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவர் குச்சனூரில், ஈஸ்வரபாண்டியின் தென்னந்தோப்பில், ஒரு போர்வெல் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வண்டிக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. "ஞானதுரை அண்ணே" என்று கூப்பிட்ட குரலைக் கேட்டதும் தலையை நிமிர்த்தி, அச்சில் நன்றாக இடித்துக்கொண்டார். கப்பலில் கேட்ட குரல் தென்னந்தோப்பில் கேட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

தவழ்ந்து வெளியே வந்து பார்த்தால், நின்றது ஹேமாவதி. அல்லிநகரத்துக்காரர். அம்மாவைப் பார்க்க நாலு நாள் லீவில் வந்திருந்தார். கடல் தரைக்குக் கீழே குளிரிலும் அழுத்தத்திலும் எரிவாயு பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது அல்லவா, தீக்குச்சியைக் காட்டினால் பற்றி எரிகிற பனிக்கட்டி, அதைத் தேடி வங்கக்கடலுக்குப் புறப்படும் பயணத்துக்கு அவர்தான் தலைமை விஞ்ஞானி. கப்பலின் பின்னால் காற்றுத் துப்பாக்கிகளைத் தண்ணீருக்குள் இழுத்துப் போவார்கள். அழுத்தி வைத்த காற்று குபீரென்று வெடித்துக் கிளம்பும். அந்தச் சத்தம் தரைக்குள் இறங்கி எதிரொலியாகத் திரும்பும்போது, பின்னால் மிதந்து வரும் நீளமான கேபிள் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளும். துப்பாக்கிக்குக் காற்று கொடுப்பது ஞானதுரையின் கம்ப்ரஸர். காற்று இல்லையென்றால் சத்தம் இல்லை, சத்தம் இல்லையென்றால் பயணமே இல்லை.

இருபது நாள் பயணம். அதற்கு ஹேமாவதி பதினான்கு மாதம் திட்டம் போட்டிருந்தார். ஞானதுரை எத்தனையோ பேரிடம் வேலை பார்த்தவர். இப்படி ஒரு திட்டத்தைக் கண்டதில்லை. கப்பல் போக வேண்டிய பன்னிரண்டு கோடுகள். ஒவ்வொரு கோடும் ஏன் அங்கே இருக்கிறது என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். மீனவர்கள் வலை விரிக்கும் இடத்தை எந்தக் கோடும் தொடாது. நீரோட்டம் எந்தப் பக்கம் கேபிளைத் தள்ளும் என்பது வரை கணக்கு. துப்பாக்கியை இயக்குவதற்கு முன் அரை மணி நேரம் திமிங்கலம் தென்படுகிறதா என்று பார்க்க ஓர் ஆள். பிறகும் எடுத்த எடுப்பில் முழுச் சத்தம் கிடையாது, ஒரு துப்பாக்கியில் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். சமையல்காரர்கள் எந்த நேரத்தில் தூங்குவார்கள் என்று பார்த்து, அந்த நேரத்தில் மேல்தளத்தில் சுத்தியல் வேலை வேண்டாம் என்றுகூட ஒரு வரி இருந்தது. 'இந்தம்மா மூளைக்குக் கோயிலே கட்டலாம்' என்று வீட்டில் அருள்செல்வியிடம் ஞானதுரை பல தடவை சொல்லிவிட்டார். "எங்கிட்ட ஒரு நாளாவது அப்படிச் சொன்னீகளா?" என்று மனைவியும் அத்தனை தடவையும் கேட்டுவிட்டார்.

"மூணு மணிக்குக் கப்பல் கமிட்டி கூட்டம், அண்ணே. போன்லயே பேசிரலாம்னு நெனச்சேன். மனசு கேக்கல, வந்துட்டேன்" என்றார் ஹேமாவதி.

விஷயம் ஞானதுரைக்குத் தெரிந்ததுதான். கப்பலில் இரண்டு கம்ப்ரஸர். போன வாரம் ஒன்றின் கிராங்க் ஷாஃப்ட் விரிசல் விட்டுவிட்டது. இந்த சீசனுக்கு அது தேறாது. மிச்சமிருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். துப்பாக்கிகளுக்கு மணிக்கு அறுநூறு கன மீட்டர் காற்று தேவை. கம்ப்ரஸரின் பெயர்ப்பலகை எழுத்து தெரியாமல் பெயின்ட்டில் மூழ்கிப் பல வருஷம் ஆகிறது. ஆகவே ஞானதுரை போன வருஷம் சோதித்து எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்தான் ஆதாரம். அதில் ஒரு கம்ப்ரஸருக்கு நானூறு என்று இருந்தது. இரண்டும் ஓடியபோது எண்ணூறு, தாராளம். இப்போது இருநூறு குறைகிறது.

"காத்து பத்தாதுன்னா கப்பல வேற வேலைக்குக் குடுத்துருவாக. அப்புறம் நம்ம முறை வர ரெண்டு வருஷமாகும். அதான் இன்னொரு திட்டம் போட்டுட்டு வந்திருக்கேன்." ஹேமாவதி ஒரு தாளை நீட்டினார். துப்பாக்கிகள் பாதி. கோடுகள் ஆறு. "சத்தம் ஆழமா எறங்காது. உறைஞ்ச வாயு எங்கன முடியுதுங்கிற அடிமட்டம் தெரியாது. ஆனா ஒண்ணுமே பாக்காம இருக்கிறதுக்கு இது தேவலாம்தானே? இதுக்காவது ஒத்த கம்ப்ரஸர் தாங்குமா, சொல்லுங்க."

பதினான்கு மாத உழைப்பைத் தன் கையாலேயே பாதியாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முகத்தில் ஒரு சிணுங்கல் இல்லை. வெட்டிய தாளிலும் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் காரணம்.

அந்த நேரம் பார்த்து ஈஸ்வரபாண்டி வரப்பிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏண்ணே, இந்த வண்டி எத்தன காத்து தள்ளும்?"

"ஆயிரத்து நூறு" என்றார் ஞானதுரை, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஆயிரத்து நூறு என்ன அளவு? கேட்டவரும் கேட்கவில்லை, சொன்னவரும் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் போர்வெல் தெரிந்த எவரும் கேட்க மாட்டார்கள். காற்று என்றால் நிமிடத்துக்கு இத்தனை கன அடி. முப்பது வருஷமாக அவர் அதற்கு அளவின் பெயரை எழுதியதே இல்லை. கப்பல் ரிப்போர்ட்டிலும் எழுதவில்லை. வெறும் நானூறு.

கப்பல்காரர்களோ எல்லாவற்றையும் மணிக்குக் கன மீட்டரில் பார்க்கிறவர்கள்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டில் அளவு தெரியாமல் எழுதின ஆள் என்று ஒப்பந்தக்காரர் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார். கடல் அத்தோடு முடிந்தது. எதிரே ஹேமாவதி, வெட்டிய திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம்," என்றார் ஞானதுரை. "அந்த நானூறு... அது உங்க நானூறு இல்ல. எங்க ஊரு நானூறு. நிமிஷத்துக்கு நானூறு கன அடி. நான் எழுதாம விட்டுட்டேன்."

ஹேமாவதியின் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று ஞானதுரைக்குப் புரிந்தது.

"சோதிச்ச அன்னைக்குக் குறிச்ச டைரி இருக்கா?"

டைரி பைக் பெட்டியில் இருந்தது. கிரீஸ் கறை படிந்த ஒரு பக்கத்தை ஞானதுரை விரித்தார். ஐம்பது லிட்டர் காற்றுக் குடுவை முப்பத்திரண்டு. காலியாக இருந்ததிலிருந்து நூற்று முப்பத்தாறு 'பார்' என்ற முழு அழுத்தம் வரை நிரம்ப ஆன நேரம் பத்தொன்பது நிமிடம். ஹேமாவதி வண்டியின் பம்பரில் தாளை வைத்து, வெட்டிய திட்டத்தின் முதுகிலேயே எழுதினார். ஒரு முறை போட்டார். கீழிருந்து மேலாக இன்னொரு முறை போட்டார்.

"மணிக்கு அறுநூத்தி எண்பத்தேழு" என்றார். "அண்ணே, உங்க ஒத்த கம்ப்ரஸரே போதும்."

மூன்று மணிக்கு மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து ஹேமாவதி லேப்டாப்பைத் திறந்தார். ஞானதுரை திரைக்குத் தெரியாமல் ஓரமாக நின்றார். குடுவைக் கணக்கைக் கமிட்டி குடைந்து குடைந்து கேட்டது. முப்பத்திரண்டு குடுவையையும், பத்தொன்பது நிமிடத்தையும், டைரிப் பக்கத்தின் படத்தையும் காட்டி, கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதறாமல் பதில் சொன்னார். கடைசியில் ஒரு கனத்த குரல், இவ்வளவு பெரிய தவறு எப்படி நடந்தது, யார் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டது.

ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தான்" என்று ஹேமாவதி ஆங்கிலத்திலேயே சொன்னார். "அளவின் பெயர் இல்லாத ஓர் எண்ணை வாங்கித் திட்டத்தில் போட்டேன். கேட்டிருக்க வேண்டியவள் நான். அதை இன்று கண்டுபிடித்துத் திருத்தியவர் எங்கள் மெக்கானிக் ஞானதுரை."

கூட்டம் முடிந்தது. பன்னிரண்டு கோடுகளுக்கும் அனுமதி. ஹேமாவதி லேப்டாப்பை மூடும்வரை ஞானதுரை பொறுத்துக்கொண்டார்.

"ஏன் மேடம் அப்படிச் சொன்னீக? எழுதாம விட்டது நான்தானே."

"நீங்க எழுதல, நான் கேக்கல. உங்க தப்ப நீங்க எங்கிட்ட சொன்னீக. என் தப்ப நான் அவககிட்ட சொன்னேன். இதுல என்ன இருக்கு?" ஹேமாவதி பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். "இந்தாங்க. இனிமே இத எவனும் தப்பாப் படிக்கக் கூடாது."

ஞானதுரை கையை லுங்கியில் நன்றாகத் துடைத்தார். நானூறுக்குப் பக்கத்தில், 'நிமிடத்துக்குக் கன அடி' என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். ஹேமாவதி தாளை வாங்கினார். ஞானதுரையின் கையெழுத்துக்குக் கீழே, அதைவிடச் சின்னதாக, தன் கையெழுத்தைப் போட்டார்.